கோணிப்போன பழைய பலகையில் மேட்டுப்பாத்திக் கரை: ஒரு மதிப்பீடு

பிரித்தெடுத்த பழைய மரக் குவியலில் நேரான பலகைகளை முதலில் வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கோணியவை, முறுக்கியவை, வில்லாக வளைந்தவை மட்டும் மூலையில் மிஞ்சிக் கிடக்கும். அறைகலன் செய்யவோ கதவு செய்யவோ உதவாத அந்தப் பலகைகள் மேட்டுப்பாத்தியின் கரைக்கு உதவுமா என்பதைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். 30 சென்டிமீட்டர் உயரம் வரையிலான கரைக்கு, புதிதாக அறுத்து முழுதும் காயாமல் விற்கப்படும் மென்மரப் பலகையைவிட இது மேலான பொருள் என்பது என் முடிவு. அதைவிட உயரமான கரைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோணல் பலகையை ஒதுக்குகிறவர்கள், நேரான புதுப் பலகை பாத்தியிலும் நேராகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பாத்திக் கரையில் ஒரு பலகைக்கு வாய்க்கும் நிலைமையைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. உட்பக்கம் எந்நேரமும் ஈர மண்ணை ஒட்டியிருக்க, வெளிப்பக்கம் வெயிலிலும் காற்றிலும் காய்கிறது. மரத்தின் உள் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் அது சுருங்கத் தொடங்கும். அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பலகையின் நீளவாக்கிலோ அது மிகமிகக் குறைவு. ஆகவே பச்சை மணம் மாறாத புதுப் பலகை பாத்தியில் இறங்கிய பிறகுதான் கோணத் தொடங்கும். அப்போது அதைத் திருத்த இடமிருக்காது. பல ஆண்டுகள் காய்ந்த பழைய பலகை தன் கோணலின் பெரும்பகுதியை நம் கண்முன்னே காட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறது. இன்ன வகைக் கோணல், இவ்வளவு கோணல் என்று அளந்து பார்த்து அதற்கேற்ற இடத்தை ஒதுக்க முடியும் என்பதே இந்தப் பொருளின் முதல் பலம்.

கோணலைவிடப் பெரிய குறைகள் இரண்டு உண்டு. பலகையைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை அவையே. ஒன்று இற்றுப்போதல். கூரான உளியாலோ பழைய திருப்புளியாலோ முனைகளிலும், ஆணித் துளைகளைச் சுற்றியும், முன்பு தரையை ஒட்டியிருந்த பக்கத்திலும் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், நெம்பினால் நீளச் சிம்புகளாகப் பெயரும். இற்ற மரத்தில் உளி அமிழ்ந்துபோகும், நெம்பினால் சிறு துண்டுகளாக உதிரும். தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலித்தாலும், தூக்கும்போது பருமனுக்குப் பொருந்தாமல் எடை குறைந்திருந்தாலும் ஐயப்பட வேண்டும். மெல்லிய துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உளு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. மண்பூச்சு ஓடிய தடம் கரையானைக் காட்டும். முனையில் மட்டும் இற்றிருந்தால் அந்தப் பகுதியோடு கொஞ்சம் நல்ல மரத்தையும் சேர்த்து அறுத்தெறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம்.

மற்றொன்று மரத்துக்குள் ஊட்டப்பட்ட மருந்து. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ரயில் தண்டவாளத்தின் அடியில் கிடந்த ஸ்லீப்பர் கட்டைகளில் பெரும்பாலானவை கிரியோசோட் என்னும் கருநிற எண்ணெய் ஊறியவை; வெயில் ஏறினால் அந்த எண்ணெய் கசிந்து வெளிவரும். உண்ணும் செடிகள் வளரும் மண்ணுக்கு அருகில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பச்சை சாயல் படிந்த பழைய வெளிப்புறப் பலகைகளில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த சி.சி.ஏ. மருந்து ஏறியிருக்கக்கூடும். வீட்டுப் பயன்பாட்டு மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மருந்தை ஏற்றுவது அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-இல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முந்தைய வேலியும் மேடையும் இன்று பிரிபட்டுப் பழைய மரமாகக் குவிகின்றன. அவற்றை அறுத்த தூளும் நஞ்சு, எரித்தால் வரும் புகையும் சாம்பலும் நஞ்சு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் பெயின்ட் உரியும் பலகையைச் சுரண்டித் தேய்த்துப் பயன்படுத்த முயல்வதும் நல்லதன்று. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பச்சைப் பலகையையும் எண்ணெய் வாடை அடிக்கும் கட்டையையும் பூச்செடிப் பாத்திக்குக்கூட நான் ஏற்க மாட்டேன். இன்று பூ வளரும் பாத்தியில் நாளை யாராவது கீரை விதைப்பார்கள்.

சரக்கு ஏற்றும் பேலட் பலகைகளில் இந்தக் குழப்பம் குறைவு. நாடு விட்டு நாடு செல்லும் பேலட்டுகளில் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிமுறைப்படி முத்திரை குத்தப்பட்டிருக்கும். அதில் எச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் இருந்தது என்று பொருள். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு செலுத்தப்பட்டது என்று பொருள், அதை ஒதுக்கிவிடலாம். வெப்பம் பூச்சியைக் கொல்லுமே தவிர மரத்தை இற்றுப்போகாமல் காக்காது. பேலட் பலகை மெல்லியது, பெரும்பாலும் மென்மரம். மண்ணோடு ஒட்டி நிற்கும் இடத்தில் நெடுநாள் தாங்காது.

எந்த மரம் என்பதைவிட அந்த மரத்தின் எந்தப் பகுதி என்பது முக்கியம். வைரம் பாய்ந்த நடுப்பகுதியில்தான் மரம் தானே தேக்கிவைத்த காப்புப் பொருள்கள் இருக்கின்றன. பட்டையை ஒட்டிய வெளிறு, தேக்கில் கூட, எளிதில் மக்கும். தேக்கு, ஓக், செடார் ஆகியவற்றின் வைரப் பகுதி மண்ணருகே பல ஆண்டு நிற்கும். மருந்தேறாத பைன் அப்படி நிற்காது. பழைய கட்டடங்களின் உத்தரத்திலும் நிலைச்சட்டத்திலும் வைரம் மிகுந்த முதிர்ந்த மரம் கிடைக்கும் என்பது பழைய மரத்தை நாடுவதற்கான இன்னொரு நல்ல காரணம்.

இனிக் கோணலுக்கு வருவோம். கோணல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் அது நான்கு வகை. ஒவ்வொன்றையும் கரையில் வேறு விதமாக வைக்க வேண்டும். ஒரு வகைக்கு நன்மை செய்யும் வைப்பு இன்னொரு வகைக்குக் கேடு செய்யும் என்பதால், பலகையைச் சமதரையில் கிடத்தியும், விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்தும் வகையை உறுதி செய்துகொள்வது நல்லது.

முதல் வகை, அகலவாக்கில் ஓடுபோல் குழிவது. இதில் குழிந்த முகம் மண்ணைப் பார்க்க வேண்டும். மண்ணின் ஈரத்தால் அந்த முகம் உப்பும், வெளிமுகம் காயும். உப்பும் முகம் விரியும்போது குழிவு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிறது. மாற்றி வைத்தால் அதே ஈரம் குழிவை மேலும் ஆழமாக்கித் திருகாணிகளைப் பிடுங்கும், அல்லது பலகையை நடுவே பிளக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. காயும் பலகை பொதுவாகப் பட்டைப் பக்கம் குழிகிறது. ஆகவே குழிந்த முகத்தை உள்ளே வைத்தால், வெளிறு ஏதேனும் இருந்தால் அது மண்ணை ஒட்டும் பக்கத்துக்கே வந்துவிடும். வெளிறு விளிம்பில் மட்டும் இருந்தால் ரம்பத்தால் அரிந்து நீக்கிவிடலாம். முகம் முழுதும் பரவியிருந்தால் அந்தப் பலகையைக் கீழ் வரிசையில் வைக்காமல் மேல் வரிசைக்குக் கொண்டுபோவேன்.

இரண்டாம் வகை, நீளவாக்கில் தட்டை முகம் வில்லாக வளைவது. இங்கே விதி நேர்மாறு: புடைத்த பக்கம் மண்ணைப் பார்க்க வேண்டும். நீளவாக்குச் சுருக்கம் மிகக் குறைவு என்பதால் ஈரம் இந்த வளைவைப் பெரிதாக மாற்றாது. மண்ணின் தள்ளுவிசைதான் மாற்றும். இரு முனைகளையும் மூலைகளில் பூட்டி, புடைப்பு உள்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால், நிரப்பிய மண் நடுப்பகுதியை வெளியே தள்ளித் தள்ளிப் பலகையை நேராக்கும். புடைப்பை வெளிப்பக்கம் வைத்தவர்களின் பாத்திதான் இரண்டு மழைக்காலத்துக்குள் வயிறு தள்ளி நிற்கும்.

மூன்றாவது, தட்டை முகம் நேராக இருக்க, விளிம்பு வளைந்திருப்பது. இந்த வளைவைக் கையால் திருத்த முடியாது. பலகையின் அகலமே எதிர்த்து நிற்கும். புடைத்த விளிம்பைக் கீழே வைத்து, அதன் போக்கில் மண்ணைச் சற்றுப் பறித்து உட்கார வைப்பதே நல்ல வழி. குழிந்த விளிம்பைக் கீழே வைத்தால் நடுவில் விழும் இடைவெளி வழியே ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் மண் கரைந்து வெளியேறும். ஒரே அளவு வளைந்த இரு பலகைகள் கிடைத்தால் இரண்டையும் ஒரே திசையில் அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொள்ளும். மேல் விளிம்பை மட்டும் நூல் பிடித்துக் கோடிட்டு அறுத்துவிட்டால் பார்வைக்கும் குறையில்லை.

நான்காவதான முறுக்குதான் உண்மையில் தொல்லை தருவது. நான்கு மூலைகளில் ஒன்று தரையைத் தொடாமல் எழும்பி நிற்கும் இந்தப் பலகையை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை. நெம்புகோல் போட்டுப் பூட்டினாலும் அந்த இழுவிசை நாள்தோறும் மூலைத் திருகாணிகளின் மேலேயே நிற்கும். இதற்கு ஒரே மருந்து துண்டாக்குதல்.

துண்டாக்குவது எல்லா வகைக்கும் உதவும். எந்த அளவுக்கு உதவும் என்பதில்தான் வேறுபாடு. முறுக்கு நீளத்தோடு நேர்விகிதத்தில் குறையும்: 2.4 மீட்டர்ப் பலகையில் 40 மில்லிமீட்டர் முறுக்கு இருந்தால், பாதியாக அறுத்தபின் ஒவ்வொரு துண்டிலும் 20 மில்லிமீட்டர் இருக்கும். சீரான வில் வளைவோ நீளத்தின் வர்க்கத்தில் குறையும்: அதே 2.4 மீட்டரில் 40 மில்லிமீட்டர் வளைவு, 1.2 மீட்டர்த் துண்டில் 10 மில்லிமீட்டர், 60 சென்டிமீட்டர்த் துண்டில் வெறும் இரண்டரை மில்லிமீட்டர். அதனால், வளைந்த பலகையை நெடுக்குக் கரைக்கும் முறுக்கிய பலகையைக் குறுக்குக் கரைக்கும் ஒதுக்குவது நியாயமான பங்கீடு. அகலவாக்குக் குழிவுக்கு மட்டும் குறுக்கே அறுப்பதால் பயனில்லை; அது அகலத்தின் குறை. பாத்தியின் வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு அதற்குப் பலகை தேடாமல், இருக்கும் பலகைகளை அளந்து, அறுத்தால் என்னென்ன நீளங்கள் தேறும் என்று குறித்துக்கொண்டு, பிறகு பாத்தியின் அளவை முடிவு செய்கிறவருக்கு இந்தப் பொருள் நன்றாகவே பலன் தரும். அளவில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று அகலம் மட்டுமே: இரு பக்கமும் நின்று கை எட்டுவதற்கு 1.2 மீட்டர், ஒரு பக்கம் மட்டும் நிற்க முடிந்தால் 60 முதல் 75 சென்டிமீட்டர்.

கரையின் உயரத்தை 30 சென்டிமீட்டரில் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் மண்ணின் தள்ளுவிசை உயரத்தின் வர்க்கமாக ஏறுவதுதான். ஈரமான சாதாரண மண்ணை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மேலும் ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளும். 60 சென்டிமீட்டர் நிரப்பினால் அது 100 கிலோ ஆகிவிடும். மண் முழுதும் நீர் கோத்து நின்றால் இன்னும் கூடும். ஏற்கெனவே பிடித்து வைக்கப்பட்ட கோணல் பலகையின் மேல் இந்தச் சுமையையும் ஏற்றுவது, மூட்டுகளிடம் அளவுக்கு மீறிக் கேட்பதாகும். பாத்தியின் அடி திறந்திருந்து கீழ்மண்ணும் இளகியிருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் போதும் என்பதால் இந்த வரம்பு பெரிய இழப்புமில்லை.

பலகையைப் பிடித்து நிறுத்த மண்ணில் அடிக்கும் கட்டைகளான முளைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். சீராகப் பரவிய சுமையில் பலகையின் தொய்வு, முளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அதாவது அந்தத் தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். 40 முதல் 50 மில்லிமீட்டர் தடித்த நேரான பலகைக்கு 1 மீட்டருக்கு ஒரு முளை போதும். கோணல் பலகைக்கு 60 சென்டிமீட்டருக்கு ஒன்று என்பதே நான் ஏற்கும் அளவு. மண்ணுக்கு மேலே எவ்வளவு உயரமோ குறைந்தது அவ்வளவு ஆழம் முளை கீழே இறங்க வேண்டும். வளைவை நேராக்கும் வேலையையும் முளைகளைக் கொண்டே செய்யலாம்: ஒரு முனையைப் பூட்டிவிட்டு, நூல் பிடித்த கோட்டில் முளைகளை அடித்து, கிளாம்ப் போட்டுப் பலகையை ஒவ்வொரு முளையாக இழுத்துத் திருகிக்கொண்டே மறுமுனைக்குப் போக வேண்டும். 25 மில்லிமீட்டர்ப் பலகை இதற்கு எளிதில் இணங்கும். 50 மில்லிமீட்டர்ப் பலகை அதைப் போல எட்டு மடங்கு விறைப்பானது என்பதால், அதில் பெரிய வளைவு இருந்தால் இழுத்துப் பார்ப்பதைவிட அறுத்துவிடுவதே மேல். வளைவை இளக்குவதற்காகப் பலகையில் பாதி ஆழம் வரை வரிசையாக ரம்பக் கீறல் போடும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு கீறலும் நீர் தங்கி மரம் இற்கும் இடமாகிறது. 2 மீட்டருக்கு மேல் நீளும் பாத்திக்கு நடுவே எதிரெதிர்க் கரைகளை இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும்.

பூட்டுவதற்கு ஆணி வேண்டாம், திருகாணியே வேண்டும். பலகையின் வெட்டுமுனைக்குள் நீளவாக்கில் இறங்கும் திருகாணிக்குப் பிடிப்புக் குறைவு. மூலையின் உட்பக்கத்தில் ஒரு கனத்த சட்டத்தை நிறுத்தி இரு பலகைகளையும் அதன் பக்கவாட்டில் திருகினால்தான் மூலை நிற்கும். காய்ந்த பழைய மரம் முனையருகே எளிதில் பிளக்கும் என்பதால் முதலில் துளையிட்டுக்கொள்ள வேண்டும். பலகையிலுள்ள துளை திருகாணியின் தண்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் ஈரத்தில் பலகை விரியவும் சுருங்கவும் இடம் கிடைக்கும். செம்பு மருந்து ஏறிய மரம் சாதாரண இரும்பை விரைவில் அரிக்கும். அத்தகைய மரத்துக்கு மட்டுமன்றி எந்த மரத்துக்கும் துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ ஆன திருகாணிதான் மண்ணருகே பொருத்தம். ரம்பம் போடுவதற்கு முன் காந்தத்தால் பலகை முழுதும் தடவிப் பார்த்து, முறிந்து புதைந்த ஆணிகளை நீக்கிவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சுழலும் ரம்பத்தின் பல் பழைய ஆணியில் பட்டால் கெடுவது பல் மட்டுமன்று. தெறிக்கும் துண்டு கண்ணுக்கே ஆபத்து.

உள்ளிருக்கும் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும் மரத்தில் மக்கச் செய்யும் பூஞ்சை வளராது. பாத்திக் கரையை அந்த அளவுக்கு உலர்வாக வைக்க முடியாது. நீர் தங்கும் நேரத்தைக் குறைக்கலாம். கீழ் விளிம்பின் அடியில் ஒரு கை அகலத்துக்குச் சரளைக்கல் பரப்புவதும், வெட்டுமுனைகளில் ஆளிவிதை எண்ணெயை ஊற ஊறத் தடவுவதும் பயன் தருகின்றன. அந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும் இயல்பு அதற்கு உண்டு, விரித்துக் காயவைக்க வேண்டும். உட்பக்கம் பாலித்தீன் தாள் அடிப்பது பற்றிப் பலர் உறுதியாகப் பரிந்துரைக்கிறார்கள். தாள் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி, அடியில் மூடப்படாமல் தொங்கினால் அது மண்ணைப் பலகையிலிருந்து விலக்கி வைக்கும்; சாக்குப்பை போல் அடியையும் மூடிவிட்டால் நீர் தேங்கி வேரும் மரமும் சேர்ந்தே அழுகும். குழிந்த முகத்தின் ஈரத்தைக் கொண்டு தட்டையாக்க நினைக்கும் பலகைக்குத் தாள் வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நேர்கோட்டுப் பார்வையை விரும்புகிறவரை இந்தக் கரை நிறைவு செய்யாது. எவ்வளவு இழுத்துப் பூட்டினாலும் மூட்டுகளில் சில மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு தெரியும். ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே பார்த்து, அளந்து, ஆணி பிடுங்கி, முனை வெட்டிச் சேர்க்க வேண்டியிருப்பதால் புதுப் பலகையில் ஆகும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அறுத்து எறியும் பகுதியும் கூடுதல். தேவையான நீளத்துக்கு மூன்றில் ஒரு பங்காவது அதிகமாகச் சேர்த்துக்கொண்டு தொடங்குவது பாதுகாப்பானது. செங்கல்லும் கல்லும் தரும் நிலைத்தன்மையை எந்த மரத்திடமும் எதிர்பார்க்க முடியாது. தகரக் கரை இதைவிட மெல்லியது, வேகமாக நிறுத்தி முடிக்கக்கூடியது. கரையான் மிகுந்த மண்ணில் வைரம் பாய்ந்த மரமல்லாத எதையும், கோணியதோ நேரானதோ, மண்ணில் வைப்பதில் பொருளில்லை.

இருந்தாலும் செங்கல்லுக்கும் தகரத்துக்கும் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. பலகைகளை வெளிப்பக்கத்திலிருந்து முளையில் திருகியிருந்தால், இற்றுப்போன ஒன்றை மட்டும் கழற்றி, மண்ணைக் கலைக்காமலேயே வேறொன்றை மாட்டிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை, மண் காய்ந்து சற்றுத் தணிந்திருக்கும் பருவத்தில், கீழ் வரிசையையும் மூலைச்சட்டங்களின் அடியையும் உளியால் குத்திப் பார்த்துக்கொண்டால் போதும். மாற்றுப் பலகையாக அறுத்து மிஞ்சிய துண்டுகளையே வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் இடைக்கட்டை கொடுத்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். அவற்றின் மேலே ஒரு சுமை இருந்தால் அங்கே மேலும் கோணாது.